கோழி வளர்ப்பும் மீன் வளர்ப்பும்

(வெள்ளி விழாவின் தொழிற்கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



'கோழி மேய்த்தாலும் கவர்ன்மெண்டில் மேய்க்க வேண்டும்' என்று நம் நாட்டில் ஒரு வழக்கு உண்டு. அரசாங்க உத்தியோகத்தின் உயர்வைச் சொல்ல வந்த வழக்கு அது. போகிற போக்கில் கோழி மேய்ப்பதைத் தொழில்களிலெல்லாம் கடைப்பட்டதாக ஆக்கிவிட்டது. இக்கருத்தரங்கில் கோழியையும் மீனையும் பற்றி நாம் பேசப்போவதாக அறிந்தபோது பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தனர். "பட்டம் படித்த பிள்ளையைக் கோழி மேய்க்கச் சொல்வதா?" என்றனர். அவர்கள் வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் பாட்டன்மார் பிறர் மாட்டை மேய்த்துப் பிறர் வயலில் உழைத்தவர்கள். அந்தக் காட்டிலிருந்து பிள்ளையைப் பள்ளிக்கூடத்திற்கு அழைத்து வரவே இக்கழகம் 25 ஆண்டுகள் பாடுபட்டிருக்கிறது.

ஆயினும், படித்த பிள்ளைகள் அனைவர்க்கும் உத்தியோகம் கிடைத்துவிடவில்லை என்பதும் நாம் அறிந்ததே. உத்தியோகத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் இரண்டு மூன்று ஆண்டுகளில் அப்பிள்ளை கூலிக்குப் போகிறான்; அல்லது திருப்பூருக்கோ சென்னைக்கோ போகிறான். நம்மில் பெரும்பாலோர்க்கு உழுநிலம் இல்லை. வீட்டுமனைப் பட்டாவாக 3 சென்டு இருந்தால் அதுவே பெரிது. அந்த 3 சென்டில் நெல் விளையாது, கறவை மாட்டிற்குப் புல்லும் விளையாது. கோழி வளரும். நாம் இன்று இதனைப் பேசுவதற்குரிய காரணம் அவ்வளவே.

முதலில் கோழி. நம் வீடுகளில் பெண்கள் தொன்றுதொட்டு நாட்டுக்கோழி வளர்த்தே வருகின்றனர். பாலை நம் கையால் வாங்க மறுத்த ஊர்கள் உண்டு. அதே ஊரார் முட்டையை வாங்கிக்கொண்டனர். ஓடு உடையாத பண்டத்திற்குத் தீட்டு இல்லையாம்! அந்தச் சாத்திரத்தின் வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கவும், பள்ளிக்கூடத்திற்குக் கட்டவும் நம் தாய்மார் கையில் இருந்த காசு பெரும்பாலும் முட்டைக் காசே. ஆகவே இத்தொழிலை நாம் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. எங்கே இழப்பு நேர்கிறது என்பதைக் கண்டு அடைத்தால் போதும்.

நாட்டுக்கோழி ஓர் ஈற்றுக்கு 12 முதல் 15 முட்டை வரை இடும். ஆண்டிற்கு 60 முதல் 80 வரை எதிர்பார்க்கலாம். முட்டை இட்டு முடித்து அடை அமர்கிறது. 21 நாளில் குஞ்சு பொரிகிறது. பிறகு இரண்டு மூன்று மாதம் குஞ்சுகளோடே திரிகிறது. அக்காலத்தில் முட்டை இல்லை. பொரித்த 10 குஞ்சுகளில் காக்கை ஒன்றைத் தூக்கும், பருந்து ஒன்றைத் தூக்கும், கீரி ஒன்றைக் கொண்டுபோகும், மழையில் நனைந்து இரண்டு சாகும். எஞ்சியவற்றைக் கழிச்சல் நோய் வாரிக்கொண்டு போய்விடும். இரண்டு மூன்று தேறினால் 'கோழி ராசியானது' என்று சொல்லி அமைதி அடைகிறோம். ராசியில் ஒன்றும் இல்லை. குஞ்சுப் பருவத்தின் முதல் நான்கு வாரத்தைக் காத்துவிட்டால் பத்தில் எட்டைத் தேற்றிவிடலாம்.

காப்பது எவ்வாறு? குஞ்சுக்குத் தானாக உடற்சூட்டைக் காத்துக்கொள்ளும் ஆற்றல் முதலில் இல்லை. தாயின் சிறகுக்குள் கிடைக்கும் வெப்பத்தை நாம் தர வேண்டும். தகரத்தாலோ அட்டையாலோ ஒன்றரை அடி உயரத்தில் வட்டமாக ஒரு தடுப்பு அமைத்து, உள்ளே நெல் உமியை இரண்டு அங்குலம் பரப்பி, அதன்மேல் செய்தித்தாளை விரித்து, நடுவில் மின்விளக்கைத் தாழத் தொங்கவிட வேண்டும். பழைய குண்டு விளக்குதான் இதற்கு ஏற்றது. இக்காலத்து எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தருமேயன்றி வெப்பம் தராது. குஞ்சு ஒன்றுக்கு 2 வாட்டு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். 50 குஞ்சுகட்கு 100 வாட்டு. முதல் வாரம் ஏறத்தாழ 95 பாகை ஃபாரன்ஹீட்டு வெப்பம் வேண்டும். பின்னர் வாரத்திற்கு 5 பாகை வீதம் குறைக்க வேண்டும். விளக்கைச் சிறிது சிறிதாக உயர்த்தினால் அது நடக்கும்.

வெப்பமானி இல்லாதவர் கவலைகொள்ள வேண்டா. குஞ்சுகளே வெப்பமானி. விளக்கின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு கத்தினால் குளிர் மிகுதி. விளக்கை விட்டு விலகித் தடுப்பின் ஓரத்தில் வாய்திறந்து நின்றால் சூடு மிகுதி. எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து ஊதற்காற்று வீசுகிறது என்று பொருள். அங்கே ஒரு சாக்கைக் கட்டுக. பரவலாக நின்று மேய்ந்து ஆங்காங்கே படுத்திருந்தால் எல்லாம் ஒழுங்காக உள்ளது. இரவு இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து பார்ப்பவர்க்கே குஞ்சு தேறும். இதற்குக் குறுக்குவழி கிடையாது. செய்தித்தாளை நாள்தோறும் மாற்ற வேண்டும். நாலைந்து நாளுக்குப்பின் தாள் வேண்டியதில்லை.

வளர்ந்த கோழிக்கு ஆழ்கூள முறைக் கொட்டகையில் ஒன்றுக்கு 2 சதுர அடி இடம் வேண்டும். கொட்டகையின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக அமையட்டும்; வெயில் உள்ளே அடிக்காது. உமியோ கடலைத் தொலியோ பரப்பி, வாரம் இருமுறை கிளறிவிட வேண்டும். ஈரம் தங்கிய கூளத்தில் இரத்தக்கழிச்சல் வரும். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றியுள்ள இடமே எப்போதும் நனைகிறது. ஆகவே பாத்திரத்தைக் கோழியின் முதுகு உயரத்திற்குச் செங்கல் வைத்து உயர்த்துக. கோழி தின்னும் தீவனத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு பங்கு தண்ணீர் குடிக்கும். கோடையில் இன்னும் மிகுதி. இனங்களைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. வீட்டளவில் வளர்ப்போர்க்கு நாட்டுக்கோழியோடு, சென்னை நந்தனம் கோழியின ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்ட நந்தனம் கோழியும், ஐதராபாத்தில் உருவாக்கப்பட்ட வனராசாவும் ஏற்றவை. ஆண்டிற்கு 300 முட்டை இடும் நாமக்கல் வெள்ளைக்கோழி கூண்டில் அடைத்து, கணக்கிட்ட தீவனம் தந்து, ஆயிரக்கணக்கில் வளர்ப்பதற்குரியது. 20 கோழி வைத்திருப்பவர் அதனோடு போட்டியிட முனைய வேண்டா. அச்சந்தை வேறு, நம் சந்தை வேறு.

நோயைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுவோம்; கோழி வளர்த்து நொடித்தவர்களில் பெரும்பாலோர் நோயால் நொடித்தவர்களே. வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்லும் நோய்க்கு இராணிக்கெட் நோய் என்று பெயர். இமயமலையின் குமாவுன் பகுதியில் உள்ள இராணிக்கெட் என்னும் ஊரில் 1920களின் இறுதியில் கண்டறியப்பட்டமையால் அப்பெயர் வந்தது. நச்சுயிரியால் வருவது. வந்தபின் மருந்து இல்லை. வருமுன் காப்பது எளிது. குஞ்சு பொரித்த 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நான்காம் வார அளவில் குடிநீரில் இரண்டாம் முறை. எட்டாம் வாரத்தில் இறக்கையடித் தோலில் ஊசி. அரசு கால்நடை மருந்தகங்களில் இதனைக் கேட்டுப் பெறலாம்.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. தடுப்பு மருந்து ஒரு சிறு புட்டியில் 100 கோழிக்கோ அதற்கு மேலோ உரிய அளவாக வரும். கலக்கிய இரண்டு மணி நேரத்திற்குள் பயன்படுத்திவிட வேண்டும். மிச்சத்தை வைத்திருந்து மறுநாள் போடுவது வீண். எட்டுக் கோழி வைத்திருக்கும் ஒரு தாய் தனியே போய் நின்றால் 'உன் எட்டுக் கோழிக்காகப் புட்டியை உடைப்பதா?' என்பார்கள். தெருவில் உள்ள பதினைந்து வீட்டாரும் ஒரே நாளில் குஞ்சு பொரிக்க வைத்து, ஒரே நாளில் மருந்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் வாங்கி வந்து, வெயில் ஏறுமுன் போட்டு முடித்தால் செலவும் குறையும், நோயும் தெருவிற்குள் நுழையாது. ஒருவர் வீட்டுக் கோழிக்குப் போட்டு அடுத்த வீட்டை விட்டுவிட்டால் பயன் அரைகுறையே. குடிநீரில் கலக்கும்போது பிளீச்சிங் தூள் இட்ட குழாய்நீர் ஆகாது, மருந்தைக் கெடுத்துவிடும். கிணற்று நீரில் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்தூள் சேர்த்துக் கலக்க வேண்டும். இளைஞர் மன்றத்தில் பத்தாம் வகுப்புப் படித்த ஒரு தம்பியோ தங்கையோ இந்த வேலையைக் கற்றுக்கொண்டால் ஒரு தெருவையே காக்கலாம்.

கோழிகள் காரணமின்றித் திரளாக மாண்டால் அறுத்துத் தின்பதும் விற்பதும் தகாது. கால்நடை மருத்துவர்க்குத் தெரிவிக்க வேண்டும். 2006ஆம் ஆண்டு மகாராட்டிரத்தின் நவாபூரில்தான் பறவைக் காய்ச்சல் இந்நாட்டில் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது. அதன்பின் பல மாநிலங்களில் வந்துபோயிருக்கிறது. மற்றொன்று: தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கலந்தால் கோழி பருக்கும் என்று கடைக்காரர் சொல்வதைக் கேளாதீர். அவ்வாறு பயன்பட்டு வந்த கொலிசுட்டின் என்னும் மருந்தை உணவுக்கான விலங்குகட்குத் தரக்கூடாது என்று 2019ஆம் ஆண்டு மைய அரசு தடைசெய்தது. மனிதனைக் காப்பாற்றக் கடைசியாக எஞ்சியிருக்கும் மருந்துகளில் ஒன்று அது.

ஒப்பந்தக் கறிக்கோழியைப் பற்றியும் தம்பிமார் கேட்கின்றனர். நிறுவனம் குஞ்சும் தீவனமும் மருந்தும் தரும். நாம் கொட்டகையும் மின்சாரமும் உழைப்பும் தர வேண்டும். ஏறத்தாழ ஆறு வாரத்தில் கோழியை எடுத்துக்கொண்டு எடைக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி தருவர். விலை வீழ்ச்சியின் சுமை நேராக நம்மேல் விழாது என்பது இதன் நன்மை. ஆயினும் 5000 கோழிக்குரிய கொட்டகைக்குக் கடன் வாங்கியவர், 'அடுத்த தொகுதிக் குஞ்சு இரண்டு மாதம் கழித்துத்தான்' என்று கேட்கும்போது வட்டி நிற்பதில்லை. ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுக. படிக்கத் தெரிந்தவர்கள் நாம். அந்த உரிமையை வாங்குவதற்கே இத்தனை பாடு.

இனி மீன். இதில் நமக்கு உள்ள தடை வேறு வகையானது. கோழிக்கு முற்றம் போதும். மீனுக்கு நீர்நிலை வேண்டும். நீர்நிலை என்றவுடன் ஊர் வந்துவிடுகிறது.

ஏரி, குளங்களின் மீன்பாசி குத்தகையை ஊராட்சியோ உரிய துறையோ ஏலம் விடுகிறது. சட்டப்படி எவரும் ஏலம் கேட்கலாம். ஆனால் 'காலனிக்காரன் கேட்கக்கூடாது' என்னும் எழுதாத சட்டம் நிலவிய ஊர்களை நம்மில் பலர் அறிவோம். ஏரி அழியும் நாளில் ஊரார் முதலில் இறங்கி மீன் பிடித்தபின் மிச்சத்திற்கு நம்மை விட்ட வழக்கமும் இருந்தது. 1923இல் பம்பாய்ச் சட்டமன்றம் பொதுக்குளங்கள் எல்லார்க்கும் உரியன என்று தீர்மானம் நிறைவேற்றியது; மகாடு நகராட்சியும் அதனை ஏற்றது. ஆயினும் 1927 மார்ச்சு 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று சவுதார் குளத்து நீரைப் பருகும் வரை அத்தீர்மானம் காகிதத்திலேயே இருந்தது. மீன்பாசி ஏலத்தின் நிலையும் அத்தகையதே.

ஆதலின் சட்டத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வது வலை வீசத் தெரிவதற்கு ஒப்பான தேவை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, நிலத்தின் மீதும் நீரின் மீதும் நமக்குள்ள உரிமையை நுகரவொட்டாமல் தடுப்பதைக் குற்றமாக வகுத்துள்ளது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம், ஊர்ப் பொதுச் சொத்துக்களைப் பயன்படுத்துவதைத் தடுப்பதையும், சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பையும் வெளிப்படையாகக் குற்றங்களில் சேர்த்தது. ஏலத்திற்குச் செல்வோர் தனியே செல்ல வேண்டா. சங்கமாகவோ மகளிர் குழுவாகவோ செல்லுங்கள். ஏல அறிவிப்பின் படியைக் கையில் வைத்திருங்கள். ஏலத்தொகைக்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் ஊர் திரும்பாதீர்கள்.

குத்தகைக்கு எடுத்த ஏரியில் முதலாண்டே பெருமுதல் போடுவதும் அறிவுடைமையன்று. இரவில் வலைபோட்டு எடுத்துச் செல்வார்கள், மடையைத் திறந்துவிடுவார்கள். இவற்றை எண்ணிப் பார்த்தே இறங்க வேண்டும். பஞ்சமி நிலமோ வேறு பட்டா நிலமோ 10 சென்டு சொந்தமாக உள்ளவர் ஒரு பண்ணைக்குட்டை வெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு, பின்னர் ஏரிக்குப் போவதே நல்லது என்பது நம் கருத்து. ஆகவே 10 சென்டுக் குட்டையையே கணக்காக வைத்துக்கொள்வோம்.

மண் களிப்பாக இருக்க வேண்டும். ஈரமண்ணை உருண்டை பிடித்து மேலே எறிந்து கையில் ஏந்துக. உடையாவிட்டால் அம்மண் நீரைத் தாங்கும். ஆழம் ஐந்து முதல் ஆறடி. வெட்டியபின் அடியைக் காயவிட்டுச் சென்டுக்கு 1 கிலோ வீதம் 10 கிலோ சுண்ணாம்பு தூவுக. பிறகு பசுஞ்சாணம் 80 கிலோவைப் பரப்பி நீர் விடுக. பழைய குட்டையாக இருந்து வற்ற வைக்க இயலாவிட்டால் அதில் விராலும் கெளுத்தியும் ஒளிந்திருக்கும்; நாம் விடும் குஞ்சுகளையெல்லாம் விழுங்கிவிடும். மூன்றடி நீருக்குச் சென்டு ஒன்றுக்கு 10 கிலோ இலுப்பைப் பிண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்துவிட்டால் அவை மயங்கி மேலே வரும், அள்ளி எடுத்துவிடலாம். மூன்று வாரத்தில் நஞ்சு தீர்ந்து அதுவே எருவாகிவிடும். அதன் பின்னரே குஞ்சு விட வேண்டும். அப்போது சாணத்தைப் பாதியாகக் குறைக்கலாம்.

என்ன மீன் விடுவது? கட்லா மேல்நீரில் மேயும். ரோகு நடுநீரில் மேயும். மிர்கால் அடித்தரையில் மேயும். மூன்றையும் சேர்த்து விட்டால் ஒன்றின் உணவை மற்றொன்று பறிக்காது. ஊர் இவ்வாறு வாழக் கற்றிருந்தால் நமக்கு இச்சங்கமே தேவைப்பட்டிராது! இம்மூன்றும் கங்கை போன்ற பேராறுகளைச் சார்ந்தவை; தேங்கிய குட்டைநீரில் முட்டையிடா. ஆற்றில் வெள்ளக்காலத்தில் குஞ்சு பிடித்து விற்றதே முற்காலத்து வழக்கம். 1957 சூலை 10ஆம் நாள் ஒரிசாவில் அறிஞர் ஈராலால் சௌதுரி மீனின் மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகச் செலுத்திக் கெண்டைகளைச் சினைவிடச் செய்தார். இன்று அரசு மீன் பண்ணையில் நமக்குக் குஞ்சு கிடைப்பது அவ்வாராய்ச்சியின் பயன்.

10 சென்டுக்கு 250 குஞ்சுகள் போதும்: கட்லா 100, ரோகு 75, மிர்கால் 75. விரல் நீளத்திற்குக் குறைந்தவற்றை வாங்காதீர். மலிவாகக் கிடைக்கும் பொடிக்குஞ்சு பெரும்பாலும் தவளைக்கும் கொக்குக்கும் இரையாகும். பையிலிருந்து நேரே கொட்டலாகாது. பையை அரைமணி நேரம் குட்டைநீரில் மிதக்கவிட்டு, சிறிது சிறிதாகக் குட்டைநீரை உள்ளே சேர்த்து, குஞ்சு தானே நீந்தி வெளியேறச் செய்க. ஆப்பிரிக்கக் கெளுத்தி விரைவில் வளரும் என்று யாரேனும் கொண்டுவந்தால் வாங்கவே வேண்டா. அது அரசால் தடைசெய்யப்பட்ட மீன். வெள்ளத்தில் தப்பினால் ஆற்றிலும் ஏரியிலும் உள்ள நாட்டு மீன்களையெல்லாம் அழித்துவிடும்.

தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம அளவு. மீன் தலைக்குச் சராசரி 100 கிராம் எடை வந்த காலத்தில் 250 மீனுக்கு மொத்த எடை 25 கிலோ. அதில் நூற்றுக்கு 3 பங்கு என்றால் நாளைக்கு 750 கிராம் தீவனம். ஓட்டையிட்ட சாக்கில் இட்டு ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் தொங்கவிடுக. மாதம் ஒருமுறை வலைபோட்டுப் பத்து மீனை நிறுத்துப் பார்த்தால் தீவன அளவைத் திருத்திக்கொள்ளலாம். எரு போதுமா என்று அறிய, முழங்கை வரை கையை நீரில் விட்டு உள்ளங்கையை நோக்குக. உள்ளங்கை தெளிவாகத் தெரிந்தால் இன்னும் எரு வேண்டும். முழங்கை மூழ்குமுன்பே மறைந்துவிட்டால் எருவை நிறுத்துக.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினால் நீரில் உயிர்வளி குறைந்துவிட்டது. பகலில் வெயிலால் பாசி உயிர்வளியை வெளியிடும். இரவில் அப்பாசியே அதனை உண்ணும். ஆகவே விடியற்பொழுதே இடுக்கமான பொழுது. மூடாக்கான நாட்களில் மேலும் இடுக்கம். தீவனத்தை நிறுத்தி, புதுநீர் பாய்ச்சி, தடியால் நீரை அடித்துக் கலக்க வேண்டும். பாசி மிகுந்த குட்டையில் ஒரே இரவில் மீன் அனைத்தும் மிதந்துவிடுவதுண்டு.

இரண்டு தொழிலையும் ஏன் ஓருரையில் சொன்னோம்? குட்டையின் கரையிலோ, நீர்மேல் கால்நட்டோ கோழிக்கொட்டகை அமைத்தால் எச்சம் நீரில் விழும். அதில் நுண்ணுயிர் பெருகும். அதை மீன் உண்ணும். சென்டுக்கு இரண்டு கோழி, கூடினால் இரண்டரை. 10 சென்டுக்கு 20 முதல் 25 கோழி. அதற்குமேல் போனால் நீர் கெடும். இம்முறையில் சாணம் தனியே வேண்டியதில்லை. மீன் பிடிப்பதற்குச் சில வாரம் முன்பு எச்சம் விழுவதை நிறுத்திவிடுக. வாங்குவோர்க்கும் மனக்குறை இராது. 10 முதல் 12 மாதத்தில் 250இல் 200 மீன் தேறி, ஒன்று 600 முதல் 800 கிராம் வந்தால் 120 முதல் 160 கிலோ மீன். அதனோடு கோழியும் முட்டையும்.

முதலுக்கு வழி? 1974ஆம் ஆண்டு தோன்றிய தாட்கோ நிறுவனம் உண்டு. 2018–19ஆம் ஆண்டு முதல் உழவர் கடன் அட்டை கால்நடை, மீன் வளர்ப்போர்க்கும் விரிவாக்கப்பட்டது. 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில் பொதுப் பிரிவினர்க்கு 40 விழுக்காடும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோர்க்கு 60 விழுக்காடும் மானியம் வகுக்கப்பட்டது. இந்த வேறுபாடு இருக்கும் இடத்தில்தான் தரகர் வருவார். 'பெயர் மட்டும் கொடு, கையெழுத்து மட்டும் போடு, பத்தாயிரம் தருகிறேன்' என்பார். மானியம் அவர் பைக்குப் போகும். கடன் நம் பெயரில் நிற்கும். வங்கி நோட்டீசு நம் வீட்டுக் கதவில் ஒட்டப்படும். அடுத்த முறை உண்மையாகவே கேட்கப் போகும் தம்பியிடம் 'உன் குடும்பத்திற்குக் கொடுத்தாயிற்று' என்பார்கள். பெயரை விற்பது மலிவு வாணிபம். அவ்வாறு சிக்கியவர் இவ்வவையில் இருந்தால் அஞ்சாமல் கழக அலுவலகத்தில் சொல்லுங்கள். மனு எழுதித் தரப் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கோழியும் குட்டையும் வீட்டுப் பெண்களின் பெயரிலேயே இருக்கட்டும். இரவில் எழுந்து குஞ்சைப் பார்ப்பவர் அவர். விற்ற காசும் அவர் கைக்கே வர வேண்டும். கணக்கை ஒரு நோட்டில் எழுதுக: தீவனம் வாங்கியது, விற்றது, இறந்தது, வீட்டில் தின்றது. வீட்டில் தின்றதைப் பலர் எழுதுவதில்லை. குழந்தை தின்ற முட்டையும் வருமானமே. அதனை விலை போட்டு வரவுப் பக்கத்தில் எழுதுங்கள்.

மழை தொடங்கிக் குட்டை நிரம்பும் புரட்டாசி, ஐப்பசி குஞ்சு விட ஏற்ற காலம். குட்டை வெட்டுவோர் கோடையிலேயே வெட்டிக் காயவிடுக. முதலில் பத்துக் கோழியோடு தொடங்க விரும்பும் வீட்டார் இன்று மாலை தம் பெயரைச் செயலாளரிடம் தந்தால், தடுப்பு மருந்து போடும் நாளை ஒருங்கே குறிக்கலாம். இனி உங்கள் வினாக்களைக் கேட்போம்.